மடங்கிப் போன கை செத்துப் போன கை அல்ல



வழக்கமாக இந்தப் பக்கத்தில் சம்பளம், வீடு, குடிதண்ணீர், வேலை நேரம் என்றுதான் நாம் பேசுவது. இந்த வாரம் ஒரு கையைப் பற்றிப் பேசப் போகிறேன். தலையில் அடிபட்டு உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த ஒரு தொழிலாளியின் கை அது. இது போன்ற கை நம் லயங்களில் ஒன்று இரண்டு எப்போதும் இருக்கிறது. நெஞ்சோடு ஒட்டி, முழங்கை மடங்கி, விரல் எல்லாம் உள்ளே சுருண்டு கிடக்கும். பார்ப்பவர்கள் "பாவம், தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படிப் போனவன்தான். சங்கத்துக்காரனாகிய என் தவறும் இந்தக் கதையில் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

2022 நவம்பர் மாதம். மழைக் காலம். சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். விடியற்காலையில் பெரட்டுக்கு மோட்டாரில் போன ஓர் அண்ணன், செம்மண் பாதையில் சறுக்கி, பாதை ஓரத்துக் கல்லில் தலை மோத விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனால் வாரை மாட்டவில்லை. "பக்கந்தானே, இங்கேருந்து இங்கே" என்ற நினைப்பு. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

வலது பக்கத் தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்தார்கள். ஐந்து வாரம் படுக்கை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த டாக்டர்களுக்கும் தாதியருக்கும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்தபோது இடது கையும் இடது காலும் ஓடவில்லை. மூளையின் வலது பக்கம் உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது. அதனால்தான் வலப்பக்கம் அடி பட்டால் இடப்பக்கம் விழுகிறது.

முதலில் கை ஈரத் துணி மாதிரி தொங்கியது. இரண்டு மாதம் கழித்து மெல்ல மடங்க ஆரம்பித்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "கையில ரத்தம் ஓட ஆரம்பிச்சிருச்சு, இறுக்கிப் பிடிக்குது பாருங்க" என்று அக்கம் பக்கத்தாரிடம் காட்டினார்கள். நானும் போய்ப் பார்த்து, "ஆமாம் அண்ணே, பலம் வருது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பலம் அல்ல, விறைப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குத் தேதி போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் கிடையாது. வாடகைக் கார் பிடித்தால் போகவர 80 வெள்ளி. அண்ணி வேலைக்குப் போனால்தான் அன்றைய சோறு. முதல் தேதி போனார்கள். இரண்டாம் தேதி மழை. மூன்றாம் தேதி கார்க்காரன் வரவில்லை. பிறகு அந்த நீலக் கார்டு சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

நான் என்ன செய்தேன்? சொக்சோ பாரம், போலீஸ் ரிப்போர்ட், எம்.சி. சிலிப், கிராணியிடம் சம்பளக் கணக்கு என்று அலைந்தேன். மருத்துவக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2023 கடைசியில் பணம் வர ஆரம்பித்தது. பைலின் மேல் 'கேஸ் முடிந்தது' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

2024 மார்ச்சில் சந்தா விஷயமாக அதே தோட்டத்துக்குப் போனேன். அண்ணி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. காசு மாசா மாசம் வருது, ஒங்க புண்ணியம். ஆனா இந்தக் கைய கொஞ்சம் வந்து பாருங்க. நகம் வெட்ட முடியல. விரல விரிச்சா மனுசன் அலறுறாரு. உள்ளங்கை நாறுது தம்பி."

போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே, மற்ற நான்கு விரலும் அதன் மேல். நகம் வளர்ந்து உள்ளங்கைச் சதையில் குத்திப் புண்ணாகி இருந்தது. சட்டை போடவே இரண்டு பேர் வேண்டும். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இது செத்த கை தம்பி. வெட்டி எறிஞ்சிட்டா தேவல."

கேஸ் முடிந்தது என்று நான் எழுதியிருந்தேன். அந்த வீட்டில் கேஸ் முடியவில்லை.

கை ஏன் மடங்குகிறது?

பிறகுதான் டாக்டர்களிடமும் பயிற்சி கொடுப்பவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு விளங்கிய மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் தசை ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அலாரம் இருக்கிறது. தசையை யாராவது சடக்கென்று இழுத்தால், அந்த அலாரம் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். முதுகுத்தண்டு உடனே "இறுக்கு" என்று திருப்பி உத்தரவு போடும். மூளைக்குக்கூட அது போக வேண்டியதில்லை. டாக்டர் முழங்காலில் சின்ன சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுகிறதே, அதே வேலைதான்.

நல்ல உடம்பில் மூளை மேலே இருந்து "போதும், மெதுவா" என்று அந்த உத்தரவை அடக்கிக்கொண்டே இருக்கும். பெரிய ஆபீசுக்கும் மண்டோருக்கும் இடையில் டெலிபோன் கம்பி இருப்பது போல. தலையில் அடிபட்டு அந்தக் கம்பி அறுந்துபோனால் மண்டோரை அடக்க ஆள் இல்லை. அவர் பாட்டுக்கு "இழு, இழு" என்று கத்திக்கொண்டே இருப்பார். தசை இறுகிக்கொண்டே போகும். கையை மடக்குகிற தசைகளின் இழுப்பு நீட்டுகிற தசைகளை மிஞ்சிவிடுவதால் முழங்கை மடங்குகிறது, மணிக்கட்டு கவிழ்கிறது, விரல் சுருள்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே காரணத்தால்தான் இதே கோலம்.

ஆக, அந்தக் கை செத்த கை அல்ல. ஓயாமல் வேலை செய்து தவிக்கிற கை.

இதில் இரண்டு கட்டம் உண்டு. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். முதல் கட்டத்தில் இறுக்கம் நரம்பினால் வருகிறது. அப்போது மருந்தும் ஊசியும் கேட்கும். கவனிக்காமல் மாதக் கணக்கில் மடங்கியே விட்டுவிட்டால் தசையும் தசைநாரும் உண்மையாகவே குட்டையாகிவிடும், மூட்டும் பிடித்துக்கொள்ளும். இது இரண்டாம் கட்டம். அப்புறம் ஊசி மட்டும் போட்டு நீட்ட முடியாது. மாவுக்கட்டு, சில சமயம் அறுவை என்று போக வேண்டிவரும். நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில்தான் டாக்டரிடம் போய் நிற்கிறோம். முதல் கட்டத்தில், "ரத்தம் ஓடுது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

என்ன வைத்தியம் இருக்கிறது?

டாக்டர் முதலில் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்து 0 முதல் 4 வரை மார்க் போடுவார். 0 என்றால் விறைப்பு இல்லை. 4 என்றால் மூட்டு அசையவே அசையாது. ஆஷ்வொர்த் அளவு என்று இதற்குப் பெயர். 1987-இல் திருத்தி அமைத்த அளவைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். நம் அண்ணனின் முழங்கைக்கு 3 போட்டார்கள்.

மாத்திரை உண்டு. பேக்லோபென், டிசானிடின் என்று பெயர். உடம்பு முழுவதும் உள்ள விறைப்பைக் குறைக்கும். ஆனால் தூக்கம் வரும், தலை மந்தமாகும், தளர்ச்சி வரும். தலையில் அடிபட்டவருக்கு ஏற்கெனவே நினைவும் கவனமும் குறைவாக இருக்கும், அதனால் டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார். ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பேக்லோபென் மாத்திரையை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம். மாத்திரை தீர்வதற்கு முன்பே போய் வாங்கிவிட வேண்டும்.

ஒரு கை மட்டும் விறைத்திருந்தால் அந்தத் தசைக்குள்ளேயே போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது. போட்டுலினம் என்று பெயர். பணக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் போட்டோக்ஸ் என்பதும் இதுதான். இதன் கதை விசித்திரமானது. சுமார் 200 வருசத்துக்கு முன் ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சி சாசேஜ் சாப்பிட்டுப் பலர் கை கால் தளர்ந்து செத்தார்கள். ஜஸ்டினஸ் கெர்னர் என்ற டாக்டர் அதை ஆராய்ந்து, இந்த விஷம் நரம்பின் உத்தரவைத் தசைக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்று கண்டார். மிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் மருந்தாகவும் ஆகலாம் என்று அப்போதே எழுதி வைத்தார். அமெரிக்காவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். 1989-இல் அமெரிக்க அரசு கண் நோய்களுக்கு அனுமதித்தது. 2010-இல் கை விறைப்புக்கும் அனுமதி வந்தது.

ஊசி போட்ட அன்றே கை விரிந்துவிடாது. சில நாள் கழித்துத்தான் இளகத் தொடங்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் நன்றாக இளகி இருக்கும். சுமார் மூன்று மாதத்தில் அதன் வேகம் தீர்ந்து, விறைப்பு மெல்லத் திரும்பும். தேவைப்பட்டால் திரும்பவும் போடுவார்கள். பொதுவாக 12 வாரத்துக்கு முன்னால் போடுவதில்லை. ஊசிக்குப் பிறகு விழுங்க முடியவில்லை, மூச்சு விடச் சிரமம் என்று ஏதாவது தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்படி வருவது அரிது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊசி விறைப்பை எடுக்கும், பலத்தைக் கொடுக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ஊசி வாங்குகிற அந்த மூன்று மாதம்தான் நமக்குக் கிடைக்கிற தவணை. அந்தத் தவணையில் கையை நீட்டி, பிடிக்க, விட, தூக்கப் பழக்கினால்தான் ஏதாவது மிஞ்சும். ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தால், மூன்று மாதம் கழித்துப் பழையபடி மடங்கும். காசும் போச்சு, காலமும் போச்சு.

பயிற்சியிலும் பல விதம். கையை வெறுமனே இழுத்து நீட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று முன்பு நினைத்தார்கள். அது மட்டும் போதாது என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. இளகிய கையை ஒரு வேலையில் ஈடுபடுத்த வேண்டும். டம்ளரைப் பிடி, துணியை மடி, மேசையைத் துடை. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நூற்றுக்கணக்கான தடவை.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வழி கண்டார். நல்ல கைக்குப் பெரிய உறை மாட்டி வேலை செய்யவிடாமல் வைத்துவிட்டு, கெட்ட கையை மட்டுமே வேலை வாங்குவது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கு இப்படி. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இந்தப் பயிற்சி பெற்றவர்களின் கை மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானாக அசைந்தால்தான் இந்த முறை ஆகும். யாரும் வீட்டில் நாமாக ஆரம்பித்துவிடாதீர்கள். நல்ல கையைக் கட்டிவிட்டு நடந்தால் விழுந்து இன்னொரு தடவை தலை உடையும்.

இன்னொரு சேதி சீனாவிலிருந்து. 2018-இல் சாங்ஹாய் டாக்டர்கள், ஒரு கை செயலிழந்து ஐந்து வருசத்துக்கு மேல் ஆன 36 பேரைப் பற்றி எழுதினார்கள். பக்கவாதம், தலைக்காயம், பிறவி மூளைவாதம் எல்லாம் அதில் உண்டு. 18 பேருக்குக் கழுத்தில் நல்ல பக்கத்திலிருந்து ஒரு நரம்பை எடுத்து விழுந்த பக்கத்தோடு இணைத்தார்கள். மீதி 18 பேருக்குப் பயிற்சி மட்டும். ஒரு வருசம் கழித்து, நரம்பு இணைத்தவர்களின் கை மிகத் தெளிவாகத் தேறியது, விறைப்பும் குறைந்தது. நாளைக்கே போய் இதைக் கேளுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து வருசம் ஆன பிறகும் மூளை புதிதாகப் படிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். "ரெண்டு வருசம் ஆச்சு, இனிமே என்ன" என்று யாரும் சொல்லாதீர்கள்.

அண்ணன் கை என்ன ஆச்சு?

மறுநாளே கிளினிக்கில் கடிதம் வாங்கினோம். நிபுணர் கிளினிக்கில் தேதி கிடைக்க ஏழு வாரம். அதுவரை தாதி சொல்லிக்கொடுத்தபடி வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, மணிக்கட்டை முதலில் இன்னும் மடக்கி, அப்புறம் விரலை மெல்ல மெல்லப் பிரித்து, சுத்தம் செய்து மருந்து போட்டார் அண்ணி. மணிக்கட்டை மடக்கினால் விரல் இளகிக் கொடுக்கும். அது தெரியாமல் ஒரு வருசத்துக்கு மேல் விரலை நேராக இழுத்து அந்த மனிதரை அலறவைத்திருக்கிறோம்.

ஊசி போட்டார்கள். முழங்கைத் தசையிலும், முன்கையில் விரலை மடக்கும் தசைகளிலும். ஸ்கேன் வைத்துத் தசையைப் பார்த்துப் பார்த்துக் குத்தினார்கள். பிறகு முழங்கைக்கு மாவுக்கட்டு. வாரா வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி, புதுக் கட்டு. நான்கு கட்டு மாற்றினார்கள். இரவில் மாட்ட உள்ளங்கைக்கு ஒரு பிளாஸ்டிக் அச்சு செய்து கொடுத்தார்கள்.

கார் செலவுக்கு என்ன செய்வது? தோட்டத்துக் கமிட்டியில் பேசினோம். மோட்டார் வைத்திருக்கும் பையன்களால் ஆகாது, அண்ணனால் பின்னால் உட்கார முடியாது. கார் வைத்திருந்த மூன்று குடும்பங்கள் முறை போட்டுக்கொண்டன. எண்ணெய்க் காசை கோயில் கமிட்டி கொடுத்தது. ஒரு தேதிகூடத் தவறவில்லை. தவறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தடவை என் வேலை.

நடுவில் ஒரு நாள் அண்ணன் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கை நல்லாப் போச்சுன்னா சொக்சோ காச நிறுத்திருவாங்களே. அப்புறம் ரெண்டும் இல்லாமப் போயிட்டா?"

நியாயமான பயம். பல வீடுகளில் வெளியே சொல்லாமல் இந்தப் பயம் இருக்கிறது. நான் சொன்னேன்: "அண்ணே, அதை ஆபீசுலயே போயி நேராக் கேப்போம். எழுத்துல பதில் வாங்குவோம். முடிவு சரியில்லன்னா மேல்முறையீடு பண்ண வழி இருக்கு, சங்கம் இருக்கு. ஆனா காசுக்காகக் கைய மூடி வெச்சுக்கிட்டா அந்தக் காசு ஒங்க விரல விரிச்சுக் கொடுக்குமா?" அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காரில் ஏறி உட்கார்ந்தார்.

இன்றைக்கு அந்தக் கை எப்படி இருக்கிறது? உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நீளக் கம்பத்தைத் தூக்கிக் குலை வெட்ட முடியாது. அது இனி வராது என்று டாக்டரே சொல்லிவிட்டார். சட்டைப் பொத்தான் போட முடியாது. ஆனால் முழங்கை முக்கால்வாசி நீள்கிறது. உள்ளங்கை விரிகிறது, புண் ஆறிவிட்டது, நகத்தைத் தானே காட்டி வெட்டிக்கொள்கிறார். சட்டை போட ஒருவர் போதும். இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுகிறார். தோட்ட நிர்வாகத்தோடு பேசி நர்சரியில் இலேசான வேலை வாங்கினோம். பாலிபேக்கின் வாயை இடது கை பிடித்துக்கொள்ளும், வலது கை மண் அள்ளிப் போடும். மற்றவர்கள் நூறு பை போட்டால் இவர் நாற்பது. அந்த நாற்பதுக்காக விடியற்காலையில் முகம் கழுவிக் கிளம்புகிறார். அண்ணி சொன்னார்: "இப்பதான் தம்பி ராத்திரி தூங்குறாரு."

நம் உரிமை என்ன?

இது தர்மம் அல்ல, நாம் மாதா மாதம் கட்டுகிற காசு. 1969-ஆம் வருசத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் சொக்சோ வந்தது, 1971-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று பெர்கேசோ என்கிறார்கள். வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வழியை விட்டு விலகிச் சொந்த வேலையாகப் போனால் பிரச்சினை வரும். விபத்தைப் பற்றி நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத எம்.சி. நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நம்மோடு வேலை செய்கிற வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் சொல்லுங்கள்.

நம்மில் பலருக்குத் தெரியாதது, பணத்தோடு இது முடிவதில்லை என்பதுதான். உடலைத் தேற்றும் பயிற்சியும் சொக்சோவின் கடமையில் சேர்ந்தது. மலாக்காவில் துன் அப்துல் ரசாக் பெயரில் பெர்கேசோ மறுவாழ்வு மையம் 2014-இல் தொடங்கியது. தங்கிப் பயிற்சி பெறலாம். ஈப்போ பக்கம் மேரு ராயாவில் மூளை, நரம்புப் பாதிப்புகளுக்கென்றே இன்னொரு மையம் வந்திருக்கிறது. வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் உண்டு, அதற்கென்று அலுவலர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

விபத்து அல்லாமல் பக்கவாதத்தால் கை விழுந்தவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் 'ரேஹாபிலிதாசி' என்று போர்டு போட்ட பிரிவுக்குப் போகலாம். கோலாலம்பூர் செராசில் இதற்கென்றே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி 2012 முதல் இருக்கிறது. ஊசி மருந்து விலை கூடியது. அதற்கு யார் பணம் கொடுப்பது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும். அக்குளுக்குக் கீழே முதுகைத் தாங்கித் தூக்குங்கள்.

விறைத்த கையைச் சடக்கென்று நீட்டாதீர்கள். முன்பு சொன்னேனே, அந்த அலாரம் அடிக்கும், இன்னும் இறுகும். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி நீட்டுங்கள். தைலம் தேய்த்து முரட்டுத்தனமாக உருவவும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த கை, சுட்டாலும் தெரியாது, அதனால் கொதிக்கிற ஒத்தடமும் கூடாது.

விறைப்பு திடீரென்று கூடினால், உடம்பில் வேறு எங்கோ தொந்தரவு என்று பொருள். சிறுநீர்க் கடுப்பு, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளரும் நகம், எங்காவது வலி. அதைப் பாருங்கள். அதைச் சரிசெய்தால் பல நேரம் கையும் தானாக இளகும்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கயிறு கட்டிய கையோடு ஆஸ்பத்திரித் தேதிக்கும் போங்கள்.

சங்கத் தோழர்களுக்கு

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்துக் கேஸ் பைலில் பணம் வந்த தேதியை எழுதுகிறோம். அதற்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள்: 'பயிற்சிக்குப் போகிறாரா? அடுத்த தேதி எப்போது? வண்டி யார்?' நான் அந்த வரியை எழுதியிருந்தால் அண்ணனின் விரல் அத்தனை மாதம் உள்ளங்கையைக் குத்தியிருக்காது. முதல் கட்டத்திலேயே ஊசி கிடைத்திருந்தால் பொத்தான்கூடப் போட்டிருப்பாரோ என்னவோ. அந்த நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். உங்கள் லயத்தில் அப்படி ஒரு கை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தால், இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள். விரலை விரிக்க முடிகிறதா என்று கேளுங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் நீலக் கார்டு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தேதி தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, அதை எடுத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போய்ப் புதுத் தேதி வாங்கலாம்.

மோட்டாரில் பெரட்டுக்குப் போகும் தம்பிகளே, தங்கைகளே, நாளைக் காலையில் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். பக்கந்தான் என்றாலும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.